ஒன்று, நான்கு

லோரோங் கூலிட் சந்தை, ஞாயிறு காலை.
ஒற்றைச் செருப்புகளுக்கும் துருவேறிய துளைப்பானுக்கும் நடுவே
தார்ப்பாயில் கிடந்தது
புத்தகம்போல் விரிகிற இரட்டை அட்டை.
உள்ளே நீள்முடிக்காரர் நால்வர், ஒரு பாலைவனம்,
ஒருவரும் உட்காராத நாற்காலி.
இடது பையில் இசைத்தட்டு.
வலது பையில் யாருடையதோ மின்கட்டண ரசீது:
அறுபத்திரண்டு வெள்ளி, கட்டப்படாதது.

"ஒரு தட்டுதானே இருக்கு, பாதி விலை போடுங்க" என்றேன்.
"அட்டை முழுசா இருக்கே" என்றார் சியோங், மலாயில்.
பதினைந்து வெள்ளி கொடுத்தேன்.

ரெலாவ், ஐந்தாம் மாடி.
பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு,
மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி.
மூன்று முறை தண்ணீர் கறுத்தபின்
நடுவட்டத்தின் எழுத்து தெரிந்தது.
ஒரு புறம், பக்கம் ஒன்று.
திருப்பினால், பக்கம் நான்கு.

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். இல்லை.
தட்டுகளை அடுக்கிவிட்டால்
ஒன்று பாடி முடிய மற்றது தானே தொப்பென்று விழும்
அந்தக் காலத்து யந்திரத்துக்காக அப்படி வெட்டினார்களாம்.
ஒன்றின் மேல் இரண்டு விழும்.
பிறகு ஒரே திருப்பு, மூன்றும் நான்கும்.
நாற்காலியை விட்டு எழ மனமில்லாதவர்களின் கணக்கு.
அந்தக் கணக்கில் என் பங்குக்கு வந்தவை
தொடக்கமும் முடிவும்.

ஏழு வருடம் அப்படியே கேட்டேன்.
முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு கிட்டார்
படிப்படியாய் ஏறிப் போய்
கதவுக்கு முன்னால் நின்றுவிடும்.
எழுந்துபோய்த் திருப்பிப் போடுவேன்.
அதே பாடகன், இப்போது தொண்டை கட்டியவனாய்,
யாரையோ மன்னித்துவிட்டவனாய் வருவான்.
இடையில் என்னடா நடந்தது உனக்கு?

"கைப்பேசியில இருக்கும்க்கா, ரெண்டு விநாடி"
என்று நீட்டினாள் ஹஸ்லினா.
நாற்பத்தாறு வயதில், தொழிற்சாலைக் கேன்டீனில்,
இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு வேலை.
உருப்பெருக்கியின் கீழ் சிலிக்கான் வட்டுகள்;
அவையும் வட்டம், அவற்றிலும் மெல்லிய கோடு,
கீறல் இருந்தால் தள்ள வேண்டும்.
பார்த்துக்கொண்டே நடுப்பகுதியை நானே இட்டுக்கட்டினேன்.
சில இரவு ஒரு படகு மூழ்கியது.
சில இரவு அவன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை.
ஒருமுறை, சம்பள உயர்வு இல்லையென்று அறிவித்த வாரம்,
இரண்டு பக்கமும் வெறும் டிரம்ஸ்.

போன ஜூலையில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குரல்.
கடைகடையாய் நான் ஒட்டிவிட்டு வந்த சீட்டுகளில்
ஒன்று இன்னும் உதிராமல் இருந்திருக்கிறது.
குணமலர் என்றாள். அட்டை கிடையாதாம்.
"எங்கிட்ட ரெண்டும் மூணும்."
"விப்பீங்களா?"
"நீங்க விப்பீங்களாக்கா?"
இரண்டு பக்கமும் மௌனம்.
பின்னால் அவள் வீட்டு பிரஷர் குக்கர்
நான்கு விசில் அடித்தது.

தலையணை உறையில் சுற்றிய தட்டோடு
பெரி ஏறி வந்தாள்.
ஒன்றைப் போட்டேன். கிட்டார் ஏறிப் போய் நின்றது.
அவள் தட்டை வைத்தோம்.
கதவு திறக்கவில்லை. கதவே இல்லை.
யாரோ இருமினார்கள், எண்ணினார்கள்,
வேறொரு பாட்டு தொடங்கியது.
படகு மூழ்கவில்லை. அப்பா சாகவில்லை.
பெட்ரோல் தீர்ந்துபோன லாரியைப் பற்றி
பத்து நிமிடம் பாடினார்கள்.
குணமலர் ஒவ்வொரு வரிக்கும் முன்னாலேயே
உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் பக்கத்தில் அவள் உதடு நின்றது.
என்னுடையது அசைவதை
அவள் பார்த்துவிட்டுத்தான் எனக்கே தெரிந்தது.
ஊசி உள்வட்டத்தில் கிர்ர், கிர்ர் என்று சுற்றியது.
"இப்படியா முடியுது?" என்றாள்.
கோபமா, நிம்மதியா என்று பிடிபடவில்லை.
"நான் அவன ஊருக்கே அனுப்பிட்டேன்க்கா, எப்பவோ."

இரவுப் படகுக்கு நேரமாகிவிட்டது.
அவள் தட்டை அவள் உறையில் போட்டுக்கொண்டாள்.
நான் தடுக்கவில்லை; அவளும் அட்டையைத் தரச்சொல்லவில்லை.
லிஃப்ட் மூடும்போது
"அடுத்த மாசம் சம்பளத்துக்கு அப்புறம்" என்றாள்.

திரும்பி வந்து
மேசையிலிருந்த மின்கட்டண ரசீதை
வலது பைக்குள் மறுபடி செருகினேன்.